நடுவர் வாயில் இரண்டு ஊர் வெற்றிலை

எனக்கு எட்டு வயது நடந்துகொண்டிருந்த ஆண்டில், பழவேற்காட்டு ஏரியின் படகுப் போட்டிக்கு நடுவராக நிற்க உள்ளூரில் ஓர் ஆள்கூட மிஞ்சவில்லை. ஆள் இல்லாமல் இல்லை, நம்பிக்கைதான் இல்லை.

போட்டி இரண்டு ஊர்களுக்கு இடையில் நடக்கும். ஒன்று ஏரிக்கு நடுவே தீவாகக் கிடக்கும் பசியாவரம். மற்றது ஒல்லாந்திலிருந்து கப்பலேறி வந்த உலாந்தாக்காரர் கோட்டையை ஒட்டிய கரைக்குப்பம். வெல்லும் படகுதான் அந்த ஆண்டுத் தெப்பத்தன்று அம்மனை ஏற்றிக்கொண்டு ஏரியைச் சுற்றிவரும். மூன்று ஆண்டுகளாக அம்மன் கரைக்குப்பத்துப் படகிலேயே ஏறிக்கொண்டிருந்தாள். என் அம்மா பிறந்தது பசியாவரத்தில். அந்த ஊர்ப் படகை நடத்தும் தண்டல், அம்மாவின் தம்பியான என் மாமா. இந்த முறை அம்மன் தம் படகில் ஏறும்போது முனையில் என்னை உட்கார வைப்பதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். பசியாவரத்தாருக்கு வேண்டியது வெற்றி. எனக்கு வேண்டியது அந்த முனை.

முந்தைய ஆண்டு நடுவர் துண்டை வீசிப் போட்டியைத் தொடங்கிவைத்தார். துண்டை அவர் வீசினாரா, காற்று வீசியதா என்ற கேள்விக்கு ஓர் ஆண்டு கழிந்தும் விடை கிடைக்கவில்லை. அவர் கரைக்குப்பத்தில் பெண் எடுத்தவர் என்பது பசியாவரத்தாருக்கும், பசியாவரத்தில் பெண் கொடுத்தவர் என்பது கரைக்குப்பத்தாருக்கும் போட்டி முடிந்த பிறகே நினைவுக்கு வந்தது. ஆகவே இரண்டு ஊரும் கூடி இரண்டு முடிவுகள் எடுத்தன. தொடக்கம் இனிமேல் கண்ணால் பார்ப்பதாக இருக்கக் கூடாது, காதால் கேட்பதாக இருக்க வேண்டும். நடுவர் இரண்டு ஊரிலும் எவருக்கும் மாமனோ மச்சானோ ஆகாதவராக இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் ஒருசேரப் பொருந்தியவர் ஒருவரே: விடியலில் கோட்டைக் கதவு திறக்கும்போதும் அந்தியில் மூடும்போதும் ஊதுகிற உலாந்தா எக்காளக்காரர்.

என் நைனா கோட்டையில் துபாசி. தெற்கேயிருந்து உலாந்தாக்காரரோடு வந்து, பசியாவரத்தில் பெண் கட்டியவர். அவர்களுடைய பேச்சை நமக்கும் நம்முடைய பேச்சை அவர்களுக்கும் மாற்றிச் சொல்வது அவர் தொழில். எனவே நடுவருக்குரிய முறைகளை எக்காளக்காரருக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. எட்டு நாள் மாலையில் எக்காளக்காரர் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வந்தார். நல்ல உயரம், வாசலில் குனியத் தெரியாமல் முதல் மூன்று நாளும் நெற்றியை இடித்துக்கொண்டார்.

முறைகள் பல. போட்டியன்று காலையிலிருந்து நடுவர் எந்த ஊர்த் தண்ணீரும் குடிக்கக் கூடாது. இரண்டு தண்டல்களும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து வெற்றிலை கொடுப்பார்கள். ஒருவருக்கு வலக்கையும் மற்றவருக்கு இடக்கையும் நீட்டினால் அங்கேயே அடிதடி. ஆகவே இரு கைகளையும் சேர்த்து ஏந்தி, இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக மெல்ல வேண்டும். வென்றவரைக் காட்டும்வரை துப்பக் கூடாது. இடப்பக்கம் துப்பினால் ஓர் ஊரை அவமதித்ததாகும், வலப்பக்கம் துப்பினால் மற்றதை. முன்னால் ஏரி, பின்னால் அம்மன்.

எக்காளக்காரர் இதையெல்லாம் வேதபாடம்போலக் கேட்டுக்கொண்டார். ஒரு நாள் நீண்ட யோசனைக்குப் பிறகு ஏதோ கேட்டார். நைனா அடுக்களைப் பக்கம் திரும்பினார்.

"ஒரு ஊரு சுண்ணாம்பு காரமா இருந்தா இன்னா பண்றதுன்னு கேக்கறாரு."

"இன்னா பண்றது?" என்றாள் அம்மா உள்ளிருந்து. "கண்ணுல தண்ணி வந்தா, ரெண்டு கண்ணுலயும் சமமா வரணும்னு சொல்லுங்க."

நைனா அதையும் மாற்றிச் சொன்னார். எக்காளக்காரர் சிரிக்கவில்லை, தலையசைத்து மனத்தில் பதித்துக்கொண்டார்.

அவரிடமும் ஒரு முறை இருந்தது. அவர்கள் நாட்டில் ஆட்டக்காரர் முன்னால் நடுவர் தொப்பியைக் கழற்ற வேண்டுமாம். கோட்டை ஆள் மீன்பிடிக்கிறவர் முன் தொப்பி கழற்றுவதா என்று நைனா தயங்கினார். எக்காளக்காரர் அந்த ஓர் இடத்தில் மட்டும் கேட்க மறுத்துவிட்டார்.

பாடம் முடிந்ததும் எக்காளம் என் கைக்கு வரும். வாயில் ஒட்டிய உமியைத் துப்புவதுபோல உதட்டை இறுக்கி ஊதச் சொன்னார். ஐந்து நாள் வெறும் காற்றுதான் வந்தது. ஆறாம் நாள் கன்றுக்குட்டி தாயைக் கூப்பிடுவதுபோல ஓர் ஒலி பிறந்தது. நைனாவும் முயன்றார், அவருக்குக் கடைசிவரை காற்றுதான். வெற்றிலையை ஒரு நாளும் எக்காளத்தை வேறொரு நாளும் ஒத்திகை பார்த்தோம். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

போட்டி நாள் காலையில் கோட்டைத்துறையில் நிற்க இடமில்லை. ஏரி அங்கே இடுப்பளவு ஆழம்தான். துடுப்பைவிடக் கோல்தான் வேகம். படகுக்கு எட்டுப் பேர் கோலூன்றி நின்றார்கள். தூரத்தில் நட்டிருந்த கம்பைச் சுற்றித் திரும்பிவர வேண்டும்.

"இன்னா பசியாவரம், இந்த வருசமும் எங்க பின்னாலயேதானா?" என்றான் கரைக்குப்பத்துப் படகில் ஒருவன்.

"நீ முன்னால போ அண்ணாத்தே. வழியில நண்டு கிண்டு இருந்தா தள்ளி வையி, நாங்க வர்றோம்" என்று எங்கள் படகிலிருந்து பதில் வந்தது.

எக்காளக்காரர் துறையின் நடுவில் வந்து நின்று, தொப்பியைக் கழற்றினார். இதற்கு என்ன செய்வதென்று எவருக்கும் தெரியவில்லை.

"பாவம், தலை வேர்க்குது போல" என்றாள் எனக்குப் பின்னால் ஒருத்தி.

கரைக்குப்பத்துத் தண்டல் நரைத்த மீசைக்காரர். சற்று யோசித்து, தம் தலைப்பாகையை அவிழ்த்தார். மாமாவும் அவிழ்த்தார். பிறகு பதினாறு தலைகளும் வெறுந்தலைகளாயின. எக்காளக்காரர் முகம் மலர்ந்தது.

கைகளை ஏந்துவதற்காகத் தொப்பியை நைனாவிடமும் எக்காளத்தை என்னிடமும் கொடுத்தார். தண்டல்கள் இருவரும் ஒரே நேரத்தில் வெற்றிலையை வைத்தார்கள். அப்போதுதான் எங்கள் ஒத்திகையின் குறை வெளிப்பட்டது. வீட்டில் அம்மா மடித்துக் கொடுத்தது விரல் அளவு வெற்றிலை. இங்கேயோ ஊர் மரியாதை. பிறர் மரியாதையைவிடத் தம் மரியாதை சிறுத்துவிடக் கூடாதென்று ஒவ்வோர் ஊரும் ஒரு கவுளி வெற்றிலைக் கட்டில் பாதியைச் சுருட்டி வைத்திருந்தது. எக்காளக்காரர் முறை தவறாமல் இரண்டையும் வாய்க்குள் தள்ளினார். கன்னங்கள் இரண்டும் தேங்காய் மூடிகளாயின. கண்ணில் நீர் வந்தது. இரண்டு கண்ணிலும் சமமாகவே வந்தது.

பிறகு எக்காளத்துக்காக என் பக்கம் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றுவிட்டது.

நைனா அவர் காதில் ஏதோ சொன்னார். துப்பச் சொல்லியிருக்க வேண்டும். எக்காளக்காரர் கலங்கிப்போய்த் தலையை ஆட்டி மறுத்தார். கற்ற பாடம் அப்படி.

"இன்னா மச்சான்," என்று மாமா படகிலிருந்து கத்தினார், "உங்காளு வாய்க்கு நீங்களே தாப்பா போட்டுட்டீங்களே!" இரண்டு படகும் ஒன்றாகச் சிரித்தன. ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் காற்று எழுந்தால் போட்டியே இல்லை.

எக்காளக்காரர் குனிந்து என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த எக்காளத்தை ஒரு விரலால் தட்டினார். உமியைத் துப்புவதுபோல உதட்டைக் குவித்துக் காட்ட முயன்றார். கன்னங்கள் இடம் தரவில்லை. எனக்குப் புரிந்தது. நைனா தடுப்பதற்குள் ஊதிவிட்டேன்.

கன்றுக்குட்டி இல்லை அது. முழுப் பசு.

கரைக்குப்பத்துப் படகு பாய்ந்தது. எங்கள் படகில் எட்டுக் கோலும் சேற்றில் ஊன்றியபடியே நின்றன. மாமா ஒரு கையை உயர்த்திப் பிடித்திருந்தார். அவருடைய ஆட்கள் திரும்பி அவரையே பார்த்தார்கள். கண் இமைக்கும் நேரம் ஒரு மாத்திரை என்று இப்போது யாப்புப் பாடத்தில் படிக்கிறேன். அந்தக் கணக்குப்படி மாமா அசையாமல் நின்றது எட்டு மாத்திரைக்குக் குறையாது. அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்து நான் அவரை நோக்கி இன்னொரு முறை ஊதினேன்.

"யாரு ஊதுனது? அது பசியாவரத்துத் தண்டலோட அக்கா பொண்ணாச்சே!" என்று கரைக்குப்பத்துக் கூட்டத்தில் ஒருவர் உரக்கத் தொடங்கினார். தொடங்கியவர் ஏரியைப் பார்த்தார். அவர்கள் படகு இரண்டு படகு நீளம் முன்னால் போயிருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார். அதன் பிறகுதான் மாமா கையைக் கீழே இறக்கினார்.

அப்படி ஓர் ஓட்டத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. கம்பைச் சுற்றும்போது இடைவெளி ஒரு படகாகியது. திரும்பும்போது அரைப் படகு. இரண்டு ஊரும் தண்ணீரில் இறங்கி, எந்த ஊர் எதற்குக் கத்துகிறது என்று தெரியாமல் கத்தின. கரைக்குப்பம் ஒரு கோல் நீளத்தில் வென்றது.

எக்காளக்காரர் வென்ற படகை முறைப்படி கையால் காட்டினார். நைனா மீண்டும் அவர் காதில் ஏதோ சொன்னார், இம்முறை நீளமாக. தலைக்குத் திரும்பியிருந்த தொப்பியை எக்காளக்காரர் மறுபடியும் கழற்றி, தோற்ற படகைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். வெயில் அதிகம்தான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அவர் எந்த ஊருக்கும் சேராத ஓரிடம் தேடிக் கோட்டைச் சுவரைச் சுற்றி ஓடினார்.

நான் இரண்டு நாள் மாமாவோடு பேசவில்லை. இவ்வளவு பாடுபட்டு ஊதியும் கேட்காத காதுக்காக முனையை இழந்தேன் அல்லவா.

தெப்பத்தன்று காலையில் கரைக்குப்பத்துத் தண்டல் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஊதுன பொண்ணு எங்கம்மா? படகுல முன்னால வந்து ஒக்காரச் சொல்லு. பசியாவரத்துப் பொண்ணு ஏறாம அம்மன் கெளம்ப மாட்டா."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்குத் தலை வாரிவிட்டாள். என் ஊதலின் சிறப்பு எதிரி ஊருக்கும் எட்டிவிட்டதில் எனக்கு வியப்பில்லை. படகின் முனையில், அம்மனுக்கு நேர் முன்னால் போய் உட்கார்ந்தேன். படகைத் தள்ளிவிட இடுப்பளவு நீரில் நின்றவர்களுக்கிடையில் மாமா இருந்தார். அவர் தோள்மேல் கைபோட்டுக்கொண்டு கரைக்குப்பத்து ஆள் ஒருவன் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் மேலிருந்து, அந்த இடத்துக்குரிய கௌரவத்தோடு கேட்டேன்:

"அன்னிக்கு உனக்குக் காது கேக்கலயா மாமா?"

"கேட்டுச்சி கண்ணு," என்றார் அவர், தோளைப் படகில் கொடுத்துத் தள்ளியபடி. "நீதான் ஊதுறேன்னு நல்லாவே கேட்டுச்சி."

தோற்ற பிறகும் சாக்குச் சொல்கிறாரே என்று நினைத்தேன். இருந்தாலும் திருநாளாயிற்றே என்று அவரை மன்னித்து, ஏரியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.