பஸ் வரும்வரை பாண்டி

லோத்குண்டாவில் எங்கள் தொழிற்சாலை பஸ் நிற்கும் இடத்தில் பிள்ளைகள் பாண்டிக் கட்டம் வரைந்திருப்பார்கள். எங்களோடு வேலை பார்க்கும் ஓர் அம்மாள், பஸ் வரும்வரை அதில் நொண்டியடிப்பார். ஐம்பது வயது, தடித்த கண்ணாடி, கழுத்தில் அடையாள அட்டை.

ஒருநாள் அவருடைய அதிகாரி அருகில் வந்து, உள்ளூர் இந்தி கலந்து கேட்டார். "இதெல்லாம் கைக்கு, எதுக்கு மேடம்? நாளைக்கு உங்களுக்குப் பிரமோஷன் இன்டர்வியூ. போர்டுல நானும் இருக்கேன்."

"ஹவ், ஆமா சார், தெரியும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கோட்டை மிதிக்கிறீங்க."

அவர் நகர்ந்தார். இன்டர்வியூ நாளன்றும் அம்மாள் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆடினார்.

பதவி உயர்வு கிடைக்கவில்லை. முடிவு தெரிந்த மறுநாளும் எல்லாக் கட்டத்தையும் தாண்டிவிட்டே பஸ் ஏறினார். நான் இரக்கப்பட்டு எழுந்து இடம் கொடுத்தேன்.

"உட்காருங்க தம்பி. எனக்கென்ன, கால் நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

உட்கார எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.