உப்புத் தின்னாத வாசற்படி

இந்த நாட்டில் நிலத்துக்கும் உப்புப் போடுகிறார்கள். ஊரில் உப்புக் கறிக்குள் போகும், மிஞ்சினால் கண்ணூறு கழிக்கக் கைக்குள் போகும். இங்கே மூட்டை மூட்டையாக வாங்கிக் கராஜில் அடுக்கி வைத்து, பனிக்காலம் வந்ததும் கோழிக்குத் தீன் எறிகிற மாதிரி வாசல் முழுக்க எறிகிறார்கள். உறைந்த தண்ணீரை உருக்கத்தான். நானும் ஸ்காபரோ மல்வேர்னில் இந்த வீட்டை வாங்கிய நாள் தொட்டு எறிந்தேன், அதுவும் தாராளமாக. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். என் வீட்டுப் படி என்னை நன்றாகத்தான் நினைத்தது. வருடத்துக்கு வருடம் தோல் உரிந்து, ஓரம் உதிர்ந்து, உள்ளே கிடந்த கல்லெல்லாம் பல்லைக் காட்டத் தொடங்கியது.

போன மாசிப் பனியில் அந்தப் படியில்தான் என் மனைவி மலர் விழுந்தாள். உதிர்ந்த குழிக்குள் தண்ணீர் நின்று உறைந்திருந்தது, அதற்கு மேல் பஞ்சு மாதிரிப் புதுப்பனி. யாருக்குத் தெரியும்? கோயிலுக்கு வெளிக்கிட்டவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வலது மணிக்கட்டு முறிந்துபோயிற்று. கட்டு அவிழ்த்த பிறகும் அவள் வெளியில் இறங்கவில்லை. யன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு அந்தப் படியையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் தேத்தண்ணியை என் கையில் தந்துவிட்டுச் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, இனி உந்தப் பனியோடை மல்லுக்கட்ட என்னாலை ஏலாது. அடுத்த பனிக்கு நான் மானிப்பாயிலை அக்காவோடை. பிறகு வருவனோ, மாட்டனோ தெரியாது."

பிறம்ரனில் வெயார்ஹவுஸ் வேலை முடிந்து பென்ஷன் எடுத்து, இனித்தான் இரண்டு பேரும் ஆறுதலாக இருக்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். மகள் தர்சியிடம் முறையிட்டேன். "அப்பா, அம்மா போகட்டுமே. இட்ஸ் நொட் எ பிக் டீல். ஸோ மெனி பீப்பிள் வின்ரருக்குப் போயினம்தானே?" என்றாள். அவளுக்கென்ன, அவள் சொல்லுவாள். முப்பத்தைந்து வருடம் ஒருத்தியின் இருமலைக் கேட்டுக்கொண்டே நித்திரை கொண்டவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். படிதானே பிரச்சினை, படியை மாற்றினால் மனமும் மாறும் என்று கணக்குப் போட்டேன்.

அப்படித்தான் லூசியா எங்கள் வாசலுக்கு வந்தாள். போர்த்துக்கல் பக்கத்துத் தீவு ஒன்றிலிருந்து சின்ன வயதில் வந்தவள். ஐம்பது வயதிருக்கும், முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து, தலையில் தொப்பி, குரல் ஒன்று, அடுத்த தெருவுக்கும் கேட்கும். கொங்கிறீற்றில் கல்லுப் பதித்த மாதிரி, பலகை அடுக்கின மாதிரி அச்சுக் குத்துகிற வேலைதான் அவளுடையது. கொங்கிறீற் ஈரமாக இருக்கும்போதே நிறப்பவுடர் தூவி, பெரிய ரப்பர் பாய்களை விரித்து மேலே நின்று அமத்துவார்கள். பாயைத் தூக்கினால் கீழே மலையில் வெட்டி எடுத்த கல் கிடக்கும். சும்மா சொல்லக்கூடாது, முதன்முதல் அந்தப் பாய் எழும்பினபோது நான் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றேன்.

ஆனால் அதற்கு முதல் நானும் லூசியாவும் வாய்ச்சண்டையில் நிறையக் கொளுவினோம். எனக்கு நிலம் என்றால் பளபளக்க வேண்டும். என் பிறந்த வீட்டு விறாந்தையில் சிவப்புச் சீமெந்துக்கு மெருகேற்றி, குனிந்தால் முகம் தெரியும். அப்படி ஒரு நிலம் வீட்டில் இருந்தால்தான் ஊரில் வீடு என்று மதிப்பார்கள். "ஷைனி. வெரி ஷைனி," என்று லூசியாவுக்குக் கையை வழுக்கிக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், யன்னலில் இருந்த மலரையும் மலரின் கையையும் பார்த்தாள். "ஷைனி இஸ் ஃபோர் டான்சிங்," என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைத் தொடங்கினாள். கடைசியில் மேலே பூசுகிற கண்ணாடித் தைலத்துக்குள் மணல் மாதிரி ஒரு நொய்யைக் கலந்தாள். மினுக்கம் கொஞ்சம் குறையும், கால் பிடிக்கும். எனக்கு மனம் ஆறவில்லை, காசு குடுத்துச் சொரசொரப்பை வாங்குகிறோமே என்று.

நான் செய்த வேலையையும் சொல்லத்தான் வேண்டும். அச்சுக் குத்தி முடிந்த அன்று நல்ல ஆவணி வெயில். "டோன்ற் ரச்," தொடாதே என்று சொல்லிவிட்டு லூசியாவின் ஆட்கள் போய்விட்டார்கள். எங்கள் ஊர் ஆட்களுக்குப் புதுச்சீமெந்தைக் கண்டால் கை சும்மா கிடக்குமா? சீமெந்து போட்டால் தண்ணீர் கட்ட வேண்டும். ஊரில் என்னைப் பெற்ற அப்பு வீடு கட்டின காலத்தில் சுற்றிவர மண்வரம்பு பிடித்துத் தண்ணீரை நிரப்பி, பச்சைப்பிள்ளையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். வெயிலில் காய்ந்தால் வெடித்துப்போகும், இந்தப் பெண்ணுக்கு அது தெரியாமல் போய்விட்டது, நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன். தோட்டத்துக் குழாயை இழுத்து வந்து ஆசை தீர நனைத்தேன். மேலே கிடந்த நிறப்பவுடர் கரைந்து கோடு கோடாக ஓடியது. ஓடினால் ஓடட்டும், உறுதிதான் முக்கியம் என்று குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் லூசியா வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "ஹூ டிட் திஸ்?" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாயும் எழும்பிவிட்டது. நான் வாயைத் திறக்க முதல் மலர் யன்னலுக்குள்ளால் என்னைக் கை நீட்டிக் காட்டினாள். அந்த விசயத்தில் அவளின் முறிந்த கைக்கு ஒரு நோவும் இல்லை.

"வாட்டர் குட். நோ வாட்டர், கிறாக்," என்று நான் விளக்கம் சொன்னேன்.

"கிறாக்?" என்றாள் லூசியா. "மை ஃபிரெண்ட், இற் ஆல்வேய்ஸ் கிறாக்ஸ்."

சொல்லிவிட்டு வாகனத்துக்குள் இருந்து வட்டவாள் ஒன்றை எடுத்து, என் புத்தம்புதிய கொங்கிறீற்றைக் குறுக்கே அறுக்கத் தொடங்கினாள். ஐயோ என்று தலையில் கை வைத்துவிட்டேன். தண்ணீர் ஊற்றின கோபத்தில் பழி வாங்குகிறாள் என்றே நினைத்தேன். புதுவீட்டில் மயிரளவு வெடிப்புக் கண்டாலே சாத்திரியாரிடம் ஓடுகிற சனம் நாங்கள். அறுத்து முடித்து, தூசியைத் துடைத்துக்கொண்டு அவளே ஆறுதலாகச் சொன்னாள். குளிருக்குக் கொங்கிறீற் சுருங்கும், வெயிலுக்கு விரியும், எப்படியும் ஒருநாள் வெடிக்கத்தான் போகிறது. எங்கே வெடிக்க வேண்டும் என்று நாங்கள் முன்கூட்டியே சொல்லி வைத்தால் அந்தக் கோட்டுக்குள்ளேயே வெடித்துக்கொள்ளும், மற்ற இடம் தப்பிவிடும். தவிர, அந்தக் கலவைக்குள் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகள் இருக்கின்றனவாம். உள்ளே போன தண்ணீர் உறைந்து வீங்கும்போது ஒதுங்கி இருக்க ஓர் இடம். வராதே என்று பனியோடு சண்டை பிடிக்காமல், வருகிற விருந்தாளிக்குப் பாய் போட்டு வைக்கிறார்கள்! இந்தச் சனத்தின் மூளையை நான் அன்றுதான் மனதாரக் கும்பிட்டேன். பனியை நான் திட்டித் தீர்த்த காலமெல்லாம் இவர்கள் அதன் குணத்தைப் படித்திருக்கிறார்கள்.

நான் நனைத்துக் கரைந்த நிறக்கோடுகளை லூசியா நிறம் பூசி மறைக்கப் பார்த்தாள். இரண்டாம் படியில் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி ஒரு திட்டு நின்றுவிட்டது. "நீத்துப்பூசணிக்காய் மாதிரிக் கிடக்கு," என்றாள் மலர். "நல்லது, வாசலிலை ஒண்டு கட்டத் தேவையில்லை. கண் படாது." விழுந்த பிறகு அவள் பகிடி விட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கிடைத்த சந்தோசத்துக்கு அளவில்லை. வேலை முடிந்து போகும்போது லூசியா கடைசியாக ஒன்று சொன்னாள்: முதல் பனிக்கு உப்பே கூடாது, மணல் மட்டும். கராஜில் இருந்த உப்பு மூட்டைகளை அன்றைக்கே பக்கத்து வீட்டுக்குக் குடுத்துவிட்டேன்.

கார்த்திகை முடிவில் உறைமழை பெய்தது. மழையாக விழுந்து, விழுந்த இடத்திலேயே கண்ணாடியாகிற மழை. மரம், கார், தபால்பெட்டி எல்லாம் கண்ணாடி. படியிலும் தபால்பெட்டிக்குப் போகிற பாதையிலும் மணலைத் தூவிவிட்டு ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றேன். மலர் கதவைத் திறந்தாள். முறிந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு காலை வைத்தாள். என் கையைப் பிடிப்பாள் என்று நீட்டினேன், பிடிக்கவில்லை. அடுத்த காலையும் வைத்தாள். அந்தச் சொரசொரப்பு அவளைப் பிடித்துக்கொண்டது. தபால்பெட்டி வரை போய்த் திரும்பி வந்து, மூக்குச் சிவக்க, பள்ளிக்கூடம் விட்ட பெட்டை மாதிரிச் சிரித்தாள். என் கண் கலங்கியதை அவள் காணக்கூடாது என்று மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குள் போய்விட்டேன். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அன்றிரவு புட்டுக்குக் கறியை விட்டுக்கொண்டே, "படி நல்லாத்தான் இருக்கு," என்றாள். "இனி நான் பயமில்லாமல் போயிட்டு வரலாம்."

"எங்கை?"

"ஊருக்குத்தான். தர்சியை ரிக்கெற் பாக்கச் சொல்லியிருக்கிறன்."

"படிதான் திருத்தியாச்சே. பிறகேன் போறீர்?"

"திருத்தினபடியால்தான் போறன்," என்றாள். "நான் விழுந்தது எனக்குப் பெரிசில்லை. நான் அங்கை கிடக்க, நீங்கள் தனிய உந்தப் படியிலை விழுந்து கிடந்தா ஆர் தூக்கிறது? அந்த யோசினையிலைதான் இவ்வளவு காலமும் வாயாலை மட்டும் போய்க்கொண்டிருந்தனான். அக்காவுக்கும் வயசு போகுது, ஒருக்கா அவவோடை ஆறுதலா இருக்கவேணும் எண்டு எவ்வளவு நாள் ஆசை."

பொல்லைக் குடுத்து அடி வாங்கின கதை என்பது இதுதான். கோபிக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. யன்னலடியில் இருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தது தான் விழுந்த இடத்தை அல்ல, நான் விழப்போகிற இடத்தை. போற அன்று பெட்டியை நான் காருக்குள் ஏற்ற, அவள் சேலைக்கு மேல் தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு, கைபிடிக் கம்பியைத் தொடாமலே படி இறங்கினாள். சித்திரைக்கு முதல் வந்துவிடுவேன் என்றாள். எந்த வருடச் சித்திரை என்று நான் கேட்கவில்லை, கேட்கப் பயமாக இருந்தது.

இப்போது நல்ல பனி. யாரும் வரப்போவதில்லை என்றாலும் விடிய முதலே எழும்பிப் பனி அள்ளுகிற சவளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு இறங்கிவிடுகிறேன். பனியை ஒதுக்க ஒதுக்க லூசியாவின் கல்லுகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன, ஒரு கீறல் இல்லை. நேற்று வேலை முடிகிற நேரத்தில் மலரின் அழைப்பு வந்தது. பின்னால் சரக் சரக்கென்று விளக்குமாற்றுச் சத்தம். ஒரு கையில் போனும் மறு கையில் விளக்குமாறுமாக, அக்கா வீட்டு முற்றத்தில் மாவிலைச் சருகு கூட்டிக்கொண்டிருக்கிறாள்.

"வாசல் துப்புரவாக்கிப் போட்டியளோ?" என்றாள்.

"ஓம், இப்பதான் முடியுது. நீர்?"

"எனக்கும் முடிஞ்சுது. பொழுதுபட்டிட்டுது, போனை வையுங்கோ, நான் போய் விளக்குக் கொளுத்தவேணும்."

எனக்கு அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது.