வண்டி போகாது!

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் செக்யூரிட்டி சூப்பர்வைசராகச் சேர்ந்த புதிது. அதற்கு முன் பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றிருந்தேன். சிங்கப்பெருமாள் கோவிலில் வாடகைக்கு வீடு. எனக்குக் கீழே பதினான்கு காவலர்கள். தினமும் காலையில் அவர்களை வரிசையில் நிறுத்தி, ஷூவில் இருந்து தொப்பி வரை பார்த்த பிறகுதான் டூட்டிக்கு அனுப்புவேன். அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

அந்தப் பதினான்கு பேரில் வடக்குப்பட்டைச் சேர்ந்த ஒரு பெண்மணி இருந்தார். என்னைவிட ஓரிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். மெயின் கேட்டில் டூட்டி. நேரம் தவறாமல் வருவார், வேலையில் சுத்தம். ஒரே ஒரு குறை, வாக்கி டாக்கியில் கூப்பிட்டால் பதிலே வராது. நாலு முறை கூப்பிட்டால் ஒரு முறை "சொல்லுங்க சார்" என்பார். சில நேரம் நான் ஒன்று சொன்னால் அவர் வேறொன்று செய்வார். அலட்சியம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஒருநாள் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் இரண்டு கார்களில் வந்தார்கள். உள்ளே விடச் சொல்லி வாக்கியில் கத்துகிறேன், கேட் திறக்கவே இல்லை. கார்கள் பத்து நிமிடம் வெயிலில் நின்றன. எனக்கு மேலிடத்தில் நல்ல டோஸ் விழுந்தது. அந்தக் கோபத்தை மறுநாள் காலை வரிசையில் எல்லோர் முன்னாலும் அவர் மேல் கொட்டினேன். "தூங்குறதுக்கா சம்பளம் வாங்குறீங்க?" என்று கேட்டது நினைவிருக்கிறது. அவர் தலை குனியவில்லை; நேராகப் பார்த்தபடி நின்றார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. மெமோ கொடுத்தேன்.

பத்து நாளில் இன்னொரு தவறு, இரண்டாவது மெமோ. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். அவர் கையெழுத்துப் போட்டார். பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, "சார், நீங்க மிலிட்டரில இருந்தவருன்னு சொல்றாங்க. அங்கயும் இன்னா ஏதுன்னு ஒரு வார்த்த கேக்காமத்தான் எழுதிக் குடுப்பாங்களா?" என்று கேட்டார்.

குரலில் கோபம்கூட இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரிதான் இருந்தது. அவர் போன பிறகு என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

ஏனென்றால், அங்கே அப்படி இல்லை. பத்துப் பேருக்குப் பொறுப்பாளனாக என்னை ஆக்கியபோது முதலில் சொல்லிக் கொடுத்ததே அதுதான். உன் ஆள் தவறு செய்தால் தனியாகக் கூப்பிடு, உட்கார வை, அவன் பேசுவதை முழுக்கக் கேள், அப்புறம் உன் வாயைத் திற. என் ஆட்களில் யாருக்கு அம்மா உடம்பு சரியில்லை, யாருக்கு ஊரில் நிலத் தகராறு என்று எனக்கு அத்துப்படி. லீவு கிடைக்காமல் சோறு தண்ணி இல்லாமல் கிடந்த ஒருவனிடம் நான்கு மணி நேரம் பேசிச் சரிசெய்தவன் நான். இங்கே வந்ததும் அதெல்லாம் எப்படி மறந்தது? இது வெறும் கேட் காவல்தானே என்ற இளக்காரம். வேறு காரணம் எதுவும் இல்லை.

அன்று மதியம் டீ நேரத்தில் எடை மேடைக்குப் பின்னால் இருந்த மர நிழலில் இரண்டு நாற்காலிகள் போட்டு, அவரைக் கூப்பிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, "மனசு விட்டுச் சொல்லுங்கம்மா, என்ன பிரச்சினை?" என்றேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். அவர் பாட்டுக்கு டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். சட்டென்று ஏதோ உறைக்க, எழுந்து அவருடைய வலது பக்கம் போய் அதே கேள்வியைக் கேட்டேன். உடனே திரும்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"இடது காது சுத்தமா கேக்காது சார். இருங்காட்டுக்கோட்டைல ஒரு கம்பெனில, தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்புல பதினோரு வருசம் இருந்தேன். இரும்பு ஷீட்டச் சுருட்டி வர்ற காயிலு இறக்குறது, ஏத்துறது எல்லாம் நம்ம தலைமேலதான். அந்த சத்தத்துல போயிடுச்சு. சொன்னா நிறுத்திடுவீங்கன்னு பயந்துகினு சொல்லல."

அவருக்கு நான் மாட்டிவிட்டிருந்த வாக்கி, இடது தோளில்.

மறுநாள் காலை, அவரை எங்கே வைத்துத் திட்டினேனோ அதே வரிசையின் முன்னால் நின்று, "விசாரிக்காமல் பேசியது என் தவறு" என்று மன்னிப்புக் கேட்டேன். இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பரிசோதித்ததில் வலது காது நன்றாக இருப்பது தெரிந்தது. சரக்கு லாரிகள் வந்து போகும் கேட்டுக்கு அவரை மாற்றினேன். அங்கே கண்ணுக்குத்தான் வேலை. வாக்கியை உடன் இருப்பவர் பார்த்துக்கொள்வார். மனிதவளத் துறையில் தயங்கினார்கள். "எது நடந்தாலும் நான் பொறுப்பு" என்று எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் மதியம் ஷிஃப்ட் மாறும் நேரம். கேட்டுக்கு வெளியே கம்பெனி பஸ்களும் பைக்குகளும் ஷேர் ஆட்டோக்களுமாக ரோடு நிரம்பி வழிந்தது. தரமில்லை என்று திருப்பி அனுப்பப்படும் ராட்சத இரும்புத் தகட்டுச் சுருள் ஒன்றை ஏற்றிக்கொண்டு ஒரு டிரெய்லர் கேட்டுக்கு வந்தது. வண்டியைச் சுற்றிப் பார்த்த அந்தப் பெண்மணி தடுப்புக் கம்பத்தை இறக்கிவிட்டார். டிரைவர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருக்கிறார். சரக்கு அனுப்பும் பொறுப்பில் இருந்த டிஸ்பேட்ச் அதிகாரி ஓடி வந்தார். நானும் போய்ச் சேர்ந்தேன்.

"பேப்பர் எல்லாம் பக்கா. செக்யூரிட்டிக்கு லோடைப் பத்தி இன்னா தெரியும்? காது கேக்காதவங்களக் கேட்ல நிறுத்தினா இப்படித்தான்" என்றார் அந்த அதிகாரி.

அந்தப் பெண்மணி அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்து, "சார், காயிலுக்கு முட்டுக் குடுத்த அடிக்கட்டை ஒரு பக்கம் பொளந்துகினு கீது. தார்ப்பாய்க்கு உள்ள சங்கிலி ஒண்ணு இழுவையே இல்லாம தொங்குது. ரோட்ல திரும்பும்போது காயிலு உருண்டுடும்" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"நிச்சயமாத் தெரியுமாம்மா?"

"பதினோரு வருசம் இத்தத்தான சார் பாத்தேன்."

டிஸ்பேட்ச் அதிகாரி போனை எடுத்து, மேலே சொல்லப்போவதாக மிரட்டினார். சங்கிலி சரியாக இருந்துவிட்டால் அந்தப் பெண்மணியின் வேலையோடு என் வேலையும் போகும். கேட் ரிஜிஸ்டரை வாங்கி, அவர் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "சேஃப்டி ஆபீசர் வந்து பார்க்காம வண்டி போகாது."

சேஃப்டி ஆபீசர் வந்தார். வண்டியைப் பின்னால் எடுத்து யார்டில் நிறுத்தச் சொன்னார். அதற்கு முன்பே அந்தப் பெண்மணி கையை வீசி எல்லோரையும் தூரத்துக்கு விரட்டிவிட்டார். டிரைவர் மெதுவாகத்தான் ரிவர்ஸ் எடுத்தார். பிரேக் போட்டதும் 'டணார்' என்று ஒரு சத்தம். சங்கிலி அறுந்து, சுருள் கட்டையை நசுக்கிக்கொண்டு உருண்டு, டிரெய்லரின் முனையில் இருந்த இரும்புத் தூணை வளைத்துச் சாய்ந்து நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கம்பத்துக்கு அந்தப் பக்கம், எதுவும் தெரியாமல் நூற்றுக்கணக்கானவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

 டிரைவர் கீழே இறங்கி வந்து, அந்தப் பெண்மணியைக் கையெடுத்துக் கும்பிட்டார். "எம்மா, எம் புள்ளைகளக் காப்பாத்திட்ட" என்று அழுதார். லோடர்கள், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்கள் என்று அத்தனை பேரும் கைதட்டினார்கள். அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் கேட்கும் அளவுக்கு இருந்தது அந்தக் கைதட்டல்!

பாதுகாப்பு தின விழாவில் தொழிற்சாலைத் தலைவர் அவருக்குச் சால்வை போர்த்தினார். சுருள் ஏற்றிப் போகும் எந்த வண்டியும் அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் வெளியேறும் என்று உத்தரவே போட்டார்கள். முதலில் மேடையேறி வாழ்த்தியவர் அந்த டிஸ்பேட்ச் அதிகாரிதான். இன்று அந்தக் கேட்டுக்கு அந்தப் பெண்மணிதான் பொறுப்பாளர். அவருக்குக் கீழே ஐந்து பேர். யாரையும் அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை.

எல்லையில் எத்தனையோ நாட்கள் நெஞ்சை நிமிர்த்தி நின்றிருக்கிறேன்; ஆனால் என் ஆள் சொன்ன சொல்லை நம்பி அவருக்குப் பக்கத்தில் போய் நின்ற அந்த ஐந்து நிமிடம்தான், தலைவன் என்று சொல்லிக்கொள்ளும் தகுதியை எனக்குத் தந்தது என்று இன்றும் நினைக்கிறேன்.