மூங்கில் ஆட்டத்துக்குள் பொன்னாடையோடு நுழைந்த மாமன்

சனிக்கிழமை படுத்துக் கிடக்கலாம் என்றிருந்த என்னை உடையார்பாளையத்துக்குக் கிளப்பியது முந்தின ராத்திரி வந்த அக்காவின் போன். "வெங்காயம் புடுங்க காலையில ஆளு வர்றாங்கடா, என்னால நகர முடியாது. அபி நேத்து ஒத்திகையில மூங்கில்ல கால மாட்டிக்கிட்டாளாம். மேடை ஏற மாட்டேங்குறா. மாமன் நீ போனா ஏறுவா."

அபிநயா அக்காவின் மகள், பிளஸ் ஒன் படிக்கிறாள். நம் பக்கத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர், மிசோரத்திலிருந்து வந்த பன்னிரண்டு பேர், அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் பத்து நாள் கலைப் பயிற்சி. நாம் கோலாட்டம் சொல்லிக்கொடுக்க, அவர்கள் மூங்கில் நடனம் சொல்லிக்கொடுக்க, சனிக்கிழமை நிறைவு விழா.

எட்டாவது படிக்கும்போது பேச்சுப் போட்டியில் பாதியில் மறந்து, பள்ளிக்கூடமே சிரித்ததிலிருந்து அபி வாயைத் திறப்பதில்லை. பஸ்ஸில் "எறங்கணும்" என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப் வரை போய் வெயிலில் நடந்து திரும்பியவள். இந்த மேடையையும் விட்டால் இனி எதிலும் ஏறமாட்டாள் என்று அக்காவுக்குப் பயம். எனக்கும்தான்.

திருச்சியில் காலை 5.45க்கு பஸ். பெரம்பலூர் சுமார் 60 கிலோமீட்டர், டிக்கெட் 55 ரூபாய். அங்கிருந்து அரியலூர் ஒரு மணி நேரம், 30 ரூபாய். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் 120 ரூபாய்க்கு ஒரு பொன்னாடை வாங்கினேன். இதை நினைவில் வையுங்கள், வினையே இதில்தான். உடையார்பாளையம் பஸ் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தது. சீக்கிரம் போகுமா என்று கேட்டதற்கு கண்டக்டர், "கல்லு லாரி பின்னாடி இப்படித்தான் சார். அவசரம்னா நேத்தே கெளம்பிருக்கணும்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். முந்திரித் தோப்புகளை வேடிக்கை பார்த்தபடி 10.20க்குப் போய்ச் சேர்ந்தேன்.

அபி மூலையில் உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் தயார் செய்த அறிவுரையை ஆரம்பித்தேன். "சும்மா இருங்க மாமா" என்றாள். ஆக, மாமன் வந்த வேலை முடிந்தது.

பக்கத்தில் ருவாத்தி என்ற மிசோப் பெண் இருந்தாள். நெற்றியில் சின்ன வீக்கம். கோலாட்டத்தில் தன் கோலாலேயே அடித்துக்கொண்டாளாம். எல்லாரும் சிரித்தபோது சிரிக்காதவள் அபி ஒருத்திதான். அன்றிலிருந்து ரெண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். ருவாத்தி அபியின் உள்ளங்கையில் தட்டி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினாள். அபி மிசோவில் பதிலுக்கு எண்ணினாள். எண்ணிக்கொண்டே எழுந்து போய்விட்டார்கள்.

மூங்கில் நடனம் பார்க்காதவர்களுக்கு: எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் நீள மூங்கில்களைத் தாளத்துக்குத் திறந்து மூடுவார்கள். திறக்கும்போது கால் உள்ளே, மூடும்போது வெளியே. தப்பினால் கணுக்காலுக்கு உத்தரவாதமில்லை.

அபி ஒருமுறைகூடத் தப்பவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம்மூரில் நம் பிள்ளை மேடையில் இருந்தால் ஆட்டம் முடியும்வரை யார் காத்திருக்கிறார்கள்? நடுவிலேயே ஏறிப் பொன்னாடை போடுவதுதானே மரியாதை! ஏறினேன். நேராக மூங்கிலுக்குள் நடந்தேன். இரண்டாவது அடியில் படக்கென்று கணுக்காலில் விழுந்தது.

மண்டபமே சிரித்தது. மூங்கில் பிடித்தவர்கள் திகைத்தார்கள், தாளம் தடுமாறியது. ஐயோ, பத்து நாள் உழைப்பைக் கெடுத்துவிட்டோமே என்று நான் மூங்கில் நடுவிலேயே நின்றபோது, மைக் இல்லாமல் ஒரு குரல்.

"அடிய நிறுத்தாதீங்க! மாமா, நான் சொல்றப்ப மட்டும் கால் வைங்க! வை! தூக்கு!"

அபிதான். மிசோவில் ஒரு எண்ணிக்கை, தமிழில் ஒரு அதட்டல். அவள் ஒரு கையையும் ருவாத்தி மறு கையையும் பிடித்து, கன்றுக்குட்டியை ஓட்டுவது போல என்னை அந்தப் பக்கம் கொண்டுசேர்த்தார்கள். ஒரே விசில். அபியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு என் கையிலிருந்த பொன்னாடையைப் பிடுங்கி ருவாத்திக்குப் போட்டுவிட்டாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மரியாதை செய்வதானால் மூங்கிலைக் கீழே வைத்த பிறகு செய்யுங்கள். அரியலூரிலிருந்து உடையார்பாளையம் போக ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், கல் லாரிகளுக்கு. செட்டிகுளம் மலைக்கோயிலுக்குப் பெரம்பலூரிலிருந்து டவுன் பஸ் உண்டு. பெண்களுக்குக் கட்டணமில்லை, எனக்கு 16 ரூபாய். நடுவில் இறங்குகிறவர்கள் சொன்னால்தான் நிறுத்துவார்கள்.

அந்த பஸ்ஸில்தான் மாலை அக்கா வீட்டுக்குப் போனோம். ருவாத்தியை ஒரு நாள் தங்க வைக்க அவர்கள் ஆசிரியை அனுமதி தந்திருந்தார். பிள்ளைகள் முன் சீட்டில், நான் கடைசியில். செட்டிகுளத்துக்கு முந்தின ஸ்டாப், அதுதான் அக்கா வீட்டு ஸ்டாப், நெருங்கியதும் அபி எழுந்து நின்று, பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி குரல் கொடுத்தாள். "அண்ணே, புளியமரத்து ஸ்டாப்! ரெண்டு பேரு எறங்கணும்!"

ரெண்டு பேர்தான். கைகோத்துக்கொண்டு இறங்கினார்கள், பஸ் கிளம்பிவிட்டது. நான் கத்தியிருக்கலாம். மனசு வரவில்லை. அடுத்த ஸ்டாப்பில் இறங்கினேன். அங்கிருந்து ஒன்றே கால் கிலோமீட்டர். வீங்கிய காலோடு சிரித்தபடியே நடந்து திரும்பினேன்.