தடை மாட்டுக்குத்தான்

எங்கள் தெருவுக்கு நிலம் வந்த இரண்டாம் வருஷம் மாட்டுக்குக் கோமாரி நோயும் வந்தது. நில உச்சவரம்புச் சட்டத்தில் சர்க்கார் மிராசுதாரிடமிருந்து எடுத்துக் கொடுத்த நிலம். "ஆனியில தண்ணி வர்றப்ப இவங்க சாகுபடி பண்ணலேன்னா, தரிசுன்னு மனு போட்டுடுவேன்" என்று அவர் சொல்லிக்கொண்டு திரிந்தார். தெருவுக்கே மூன்று ஜோடி உழவு மாடுதான், ஒன்று எங்களுடையது. மாடு படுத்தால் நிலம் போய்விடும் என்று எல்லோருக்கும் பயம்.

கோமாரி பக்கத்து ஊர்வரை வந்துவிட்டது என்றதும் தெரு கூடி முடிவெடுத்தது: வெளி மாடு எதுவும் வாய்க்கால் மதகைத் தாண்டக் கூடாது. மதகின் குறுக்கே வேப்பிலைக் கயிறு கட்டினோம். பகல் காவல் எனக்கு. என் வாய்க்குப் பயந்து யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்தேதான் நிறுத்தினார்கள்.

நாலாம் நாள் என் அண்ணன் வந்தார். என் பிள்ளைகள் பால் குடிக்கட்டும் என்று தான் வளர்த்த சினைப் பசுவை, பாபநாசத்துப் பக்கமிருந்து நடத்தியே ஓட்டி வந்திருந்தார்.

"அண்ணே, அங்கேயே நில்லுங்க. வெளி மாடு வரக் கூடாது. ஊர் முடிவு."

"மாட்டு வாயைத் திறந்து பாரு. ஒரு புண்ணு இருந்தா காட்டு."

"இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு வரும். திருப்பி ஓட்டிக்கிட்டுப் போங்கண்ணே."

"இவ்வளவு தூரம் நடந்து வந்தவன ஒரு வாய் தண்ணி குடிக்கிறியான்னுகூட நீ கேக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டைத் திருப்பினார். நான் கயிற்றை இழுத்து இறுக்கிக் கட்டினேன். கொஞ்சம் மிதப்பாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

அந்த வாரமே ராமநாதபுரத்துக் கீதாரி செம்மறி மந்தையோடு வந்தார். ஆடுகளை ராத்திரி வயலில் அடைத்துக் கிடை போட்டால் புழுக்கையே உரம். அதுவரை மிராசுதார் வயலுக்குத்தான் கிடை. எங்கள் வயலுக்கு அதுதான் முதல் தடவை.

"ஆத்தா, உள்ள வரலாமா? ஏதோ தடைன்னாக."

"அது மாட்டுக்குத்தாங்க. ஆட்டுக்கு என்ன, வாங்க!"

கயிற்றை நானே தூக்கிப் பிடித்தேன்.

கிடை போட்ட எட்டாம் நாள் எங்கள் செவலைக் காளைக்கு நூல் நூலாக எச்சில் வடிந்தது. குளம்பிடுக்கில் புண். கால்நடை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "ஆட்டுக்கிடை போட்டீங்களா? ஆட்டுக்கும் இது வரும்மா. வெளிய தெரியாது. மாட்டுக்குக் கொடுத்துட்டுப் போயிடும்" என்றார்.

மூன்று ஜோடியும் படுத்தன. "நான்தான் விட்டேன்" என்று தெருவில் சொல்லிவிட்டு அழுதேன். யாரும் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

ஆனியில் தண்ணீர் வந்தது. மிராசுதார் வரப்பில் வந்து நின்று பார்த்தார். ஆணும் பெண்ணுமாக மண்வெட்டியால் கொத்த ஆரம்பித்தோம். உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

இரண்டாம் நாள் மதகில் அண்ணன் நின்றார், தன் உழவு மாட்டு ஜோடியோடு. கயிற்றுக்கு அந்தப் பக்கமே நின்று, "இப்ப வரலாமா?" என்று கேட்டார். சேற்றுக் கையோடு ஓடினேன். செவலை இன்னும் படுத்துக் கிடந்த இடம் கண்ணில் பட்டது. இப்போது நோய் எங்களிடம் இருந்தது.

இந்தத் தடவை முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தேன். அவர் குடித்து முடித்த பிறகு, "மாட்டைத் திருப்புங்கண்ணே" என்றேன்.