இரைச்சல் கேட்டால் பயமில்லை

துணி அளக்கும்போது ஜெய்னுதீன் தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொள்வார். இடது காதில் ஒரு கறுப்புக் குமிழ். அதிலிருந்து இறங்கும் கம்பி சட்டைப் பையில் இருக்கும் சின்ன ரேடியோவில் போய் முடியும். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் உள்ள அவர் கடைக்குத் துணி எடுக்க வருகிறவர்கள், மனுஷன் பந்து விளையாட்டில் பைத்தியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். "எத்தனை கோல் போச்சு நானா?" என்று விசாரிப்பவர்களும் உண்டு. "இன்னும் ஆடிக்கிட்டுதான் இருக்காங்க லா" என்பார், முகத்தில் சிரிப்பில்லாமல்.

அந்த ரேடியோவில் ஓடுவது அவர் மனைவியின் மூச்சு.

முத்து பீவி சாலைக்கு எதிர்ப்பக்கம், சாப்பாட்டுக் கடைக்கு மேலே உள்ள மாடி வீட்டில் கட்டிலில் சாய்ந்திருக்கிறார். நெடுநாள் ஆஸ்துமா. போன நோன்பு மாதத்தில் ஜெய்னுதீன் ஒரு கல்யாண வீட்டாருக்குப் பட்டு விரித்துக் காட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து இழுப்பு வந்துவிட்டது. நண்பகல் லுஹர் தொழுகைக்கு வீட்டுக்குப் போனவர் கண்டது நீலம் பாரித்த உதடுகளை. ஆஸ்பத்திரியில் எப்படியோ பிழைக்க வைத்துவிட்டார்கள். முத்து பீவி எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஜெய்னுதீன்தான் அன்றைய பயத்திலிருந்து இன்னும் எழுந்திருக்கவில்லை. கட்டில் பக்கத்தில் ஒரு போன் வைத்தால் என்ன என்று செமினியில் இருக்கும் மகள் ரம்லத் கேட்டாள். மூச்சே வராதவள் போனில் என்னத்தைப் பேசுவாள் என்று இவர் திருப்பிக் கேட்டார்.

கோலாலம்பூர் பாசார் ரோட்டில் ஒரு கடையில், சோப்பு டப்பா அளவில் ஒரு எப்.எம். டிரான்ஸ்மிட்டர் வாங்கி வந்தார். முன்னால் மைக், பின்னால் முழ நீளத்தில் ஏரியல் கம்பி, உள்ளே பேட்டரி. பேசினால் பக்கத்து ரேடியோவில் கேட்கும் என்றான் கடைக்காரன். கேட்டது, கூடவே ஊர்ப்பட்ட இரைச்சலும் கேட்டது. ஸ்குரூ டிரைவரால் திருகி அழகாகப் பிடித்துவிட்டு, சந்தோஷமாகச் சாலையைக் கடந்து கடைக்கு வந்தால் அலைவரிசை நழுவிப்போயிருக்கும். கை பக்கத்தில் இருந்தாலே அது மாறிவிடும், இரும்பு ஆகவே ஆகாது என்று புரிவதற்குள் பாதி உயிர் போய்விட்டது. இப்போது இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே மூங்கில் குச்சி ஒன்றைச் சீவி வைத்துக்கொண்டு, தள்ளி நின்று அதன் நுனியால் திருகுகிறார். பெட்டி இரும்புக் கட்டிலை விட்டு விலகி மர முக்காலியில் இருக்கிறது.

அடுத்த தொல்லை மின்விசிறி. அதன் காற்று மைக்கில் புயலாக அடித்தது. இதற்கு மருந்து அவர் தொழிலிலேயே இருந்தது. கடையில் உள்ள துணிகளில் எல்லாம் ஒரு துண்டு கத்தரித்துக்கொண்டு போய், ஒவ்வொன்றாக மைக்கின் மேல் கட்டிப் பார்த்தார். பாப்ளின் சத்தத்தை மந்தப்படுத்தியது. வெல்வெட் அடியோடு விழுங்கிவிட்டது. 'வாயில்' ரகத்து மெல்லிய வெள்ளைத் துணி, அதுவும் ஒற்றை மடிப்பு, காற்றை நிறுத்திவிட்டு மூச்சை மட்டும் விட்டது. இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த முத்து பீவி, "எனக்கு ஒரு பாஜு தைக்கத் துணி எடுக்க என்னைக்காவது இவ்வளவு பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

சத்தம் தெளிந்த பிறகுதான் பயம் பெரிதானது. இரைச்சல் கேட்டால் ஜெய்னுதீனுக்குப் பயமில்லை. பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது அலைவரிசை நழுவியிருக்கும். குச்சியை எடுத்துக்கொண்டு ஓடலாம். இரைச்சலும் இல்லை, மூச்சும் இல்லை என்றால்? பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறது, கேட்பதற்குத்தான் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அதை நினைத்தாலே அவருக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். வெள்ளைத் துணியை எடுத்துக் காட்டுவதற்கு முன் கையைக் கைலியில் துடைத்துக்கொள்வார்.

போன மாதம் ஒரு சாயங்காலம் அது நடந்தது. வள்ளியம்மா என்ற வாடிக்கைக்கார அம்மாள் தீபாவளிக்குத் திரைச்சீலைத் துணி பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கேசட் கடையில் பாட்டு அலறியது. ஜெய்னுதீன் காதில் மூச்சு மெல்ல விசில் அடிக்கத் தொடங்கியது. பிறகு ஏதோ உரசல். பிறகு ஒன்றுமே இல்லை. இரைச்சலும் இல்லை. கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே சாலையில் இறங்கிவிட்டார். வந்த லோரி ஒன்று கிறீச்சிட்டு நின்றது. ஓட்டுநர் திட்டியது அவர் காதில் விழவில்லை. மாடிப்படியில் ஒரு செருப்பு கழன்று கிடந்ததை மறுநாள்தான் பார்த்தார்.

முத்து பீவி உயிரோடுதான் இருந்தார். முன்னால் குனிந்து, உறிஞ்சு மருந்தை வாயில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தார். முக்காலியில் இருந்த பெட்டியின் மேல் கம்பளிப் போர்வை நான்காக மடித்துக் கிடந்தது.

மூச்சு கொஞ்சம் அடங்கியதும், "நான் இழுக்கிற சத்தம் கேட்டா நீங்க பயந்துருவீங்க. அதான் மூடினேன்" என்றார்.

"கேக்கலன்னா?" என்றார் ஜெய்னுதீன். கத்தரிக்கோல் இன்னும் அவர் கையில் இருந்தது. முத்து பீவிதான் அதை மெதுவாக வாங்கித் தலையணைப் பக்கம் வைத்தார்.

போர்வை அலமாரிக்குப் போயிற்று. எவ்வளவு மோசமாக இழுத்தாலும் பெட்டியை மூடக்கூடாது என்பது இப்போது வீட்டுச் சட்டம். மூச்சு லேசாகி மைக்குக்கு எட்டாத நேரங்களில், சாத்தே குச்சியால் முக்காலியின் காலில் ஒரு தட்டுத் தட்டவேண்டும். அப்படியானால் தான் தூங்கவும் கூடாதா என்று முத்து பீவி முனகினார். தூங்கினால் குறட்டை கேட்கும், அது போதும் என்றார் இவர்.

நேற்று வள்ளியம்மா அன்றைக்கு விட்டுப்போன துணிக்காகத் திரும்ப வந்தார். ஜெய்னுதீன் அளந்து, மடித்து, கத்தரிக்கோலை ஓட்டினார். பாதித் துணியில் அது நின்றது. தலை இடப்பக்கம் சாய்ந்தது. அளவு தப்பிவிட்டதா என்று வள்ளியம்மா கேட்டார். ஜெய்னுதீன் நெற்றியில் வேர்வை அரும்பியது. மார்பு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அந்த அம்மாளும் என்னவோ ஏதோவென்று பயந்து, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

டொக்.

ஜெய்னுதீன் மூச்சு விட்டார். கத்தரிக்கோலைத் துணியிலிருந்து உருவி, அதன் பிடியால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். இங்கே தட்டுவது அங்கே கேட்காது. இன்னொரு தட்டும் தட்டிவிட்டு, மீதித் துணியை வெட்டினார்.