மூன்றாம் பாகத்தில் தப்பிய காட்சி

நான் எடுத்த முதல் சின்னப் படம் கொஞ்சம் பேசப்பட்டதும் பெரிய கம்பெனி ஒன்று என்னைக் கூப்பிட்டது. இரண்டு பாகங்கள் சக்கைப்போடு போட்ட ஒரு போலீஸ் படத்தின் மூன்றாம் பாகத்தை எடுக்கச் சொன்னார்கள். முந்தைய பாகங்களை எடுத்தவர் விலகியிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பேன். பெரம்பலூரிலிருந்து சினிமாவுக்குப் போனவனுக்கு அப்படி ஒரு வாய்ப்பு வருவது லேசில்லை.

கதையை அரியலூர்ப் பக்கம் கொண்டுவந்தேன். சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமென்ட் லாரி, வெள்ளைப் புழுதி. கம்பெனிக்கும் பிடித்திருந்தது. தகராறு ஒரே ஒரு காட்சியில் ஆரம்பித்தது.

விபத்தில் செத்துப்போன லாரி டிரைவரின் வீட்டுக்குப் போய் ஹீரோ செய்தி சொல்ல வேண்டும். மனைவியாக நடித்த அம்மா ஜெயங்கொண்டத்தில் முந்திரி உடைக்கும் வேலை பார்ப்பவர். இடம் பார்க்கப் போனபோது சந்தித்து, நானே கெஞ்சி நடிக்க வைத்தேன். அழ வேண்டும் என்று எழுதியிருந்தேன். அவர் அழவில்லை. ஹீரோவை நிமிர்ந்து பார்த்து, "லாரி எங்க நிக்கிது? அதுல அவரு சட்டை கெடக்குமே" என்றார். நான் எழுதாத வரி. ஹீரோ அப்படியே நின்றார். நான் கட் சொல்லவில்லை.

கம்பெனியில் கதை விஷயங்களைக் கவனித்தவர் ஒரு பெண் அதிகாரி. சென்னைக்காரர், சிரிக்காமல் பேசுவார். எடிட்டிங்கில் அந்தக் காட்சியைப் பார்த்ததும், "சார், ஹீரோ ரொம்ப நேரம் சும்மா நிக்கிறாரு. பாதியா குறைச்சு, பழைய தீம் மியூசிக்க போட்டுடுவோம்" என்றார்.

"அதைக் குறைச்சா படமே இல்ல மேடம்."

"இது உங்க படம் மட்டும் இல்ல சார். மொத ரெண்டு பாகத்தையும் பார்த்தவங்க ஆசையா வருவாங்க. அவங்களுக்கு நான் பதில் சொல்லணும்."

வாரக்கணக்கில் இதே பேச்சு. வில்லனை ஹீரோ மன்னித்துவிடும் என் க்ளைமாக்ஸும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு கட்டத்தில் இருவரும் எடிட்டர் வழியாகத்தான் பேசிக்கொண்டோம். வீட்டில் என் மனைவி, "அந்தம்மா பேர சொன்னாலே உங்களுக்கு மூஞ்சி மாறுது" என்பாள்.

வெளியீட்டுக்கு முன்னால் படத்தைப் பொது ஆட்களுக்குப் போட்டுக் காட்டுவது கம்பெனியின் வழக்கம். எதையும் குறைக்காமல் பெரம்பலூரில் போடலாம் என்று சொன்னது அந்த அதிகாரிதான். எனக்கு ஆச்சரியம். காலைக் காட்சி, என் படம் என்று யாருக்கும் சொல்லவில்லை. இருவரும் கடைசி வரிசையில் அடுத்தடுத்து உட்கார்ந்தோம்.

ஹீரோ வந்ததும் விசில். டிரைவர் வீட்டுக் காட்சி வந்தபோது சிலர் செல்போனை எடுத்தார்கள். அந்த அம்மா சட்டையைக் கேட்டார். பிறகு தியேட்டரில் ஒரு சத்தமும் இல்லை. முன் வரிசையில் ஒருவர் செல்போனை அணைத்துப் பையில் போட்டார்.

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அது க்ளைமாக்ஸ் வரைதான். ஹீரோ வில்லனை மன்னித்ததும், "யோவ், அடிய்யா அவன!" என்று ஒரு குரல். தியேட்டரே சிரித்தது.

வெளியே டீக்கடையில் நின்றோம். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"க்ளைமாக்ஸ எனக்கு விட்டுடுங்க சார்" என்றார். "அந்தம்மா சீன்ல யாரும் கை வைக்க மாட்டாங்க. அது என் பொறுப்பு."

சரி என்றேன். ஆனால் நம்பவில்லை.

பிறகு நடந்ததை எடிட்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மேலிடத்தில் அந்தக் காட்சியை அடியோடு தூக்கச் சொல்லியிருக்கிறார்கள். "அதை எடுத்தீங்கன்னா டைட்டில்ல என் பேரையும் எடுத்துடுங்க" என்று அந்த அதிகாரி எழுந்து வந்துவிட்டாராம். என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

படம் வந்தபோது அரியலூரில் அந்த முந்திரிக்கார அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். தன் முகம் திரையில் வந்ததும் என் கையைப் பிடித்து, "ஏங்க, நான் இம்புட்டு கருப்பாவா இருக்கேன்?" என்றார். சுற்றி இருந்தவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். கம்பெனியின் க்ளைமாக்ஸில், சுரங்கத்துக்குள் லாரிகள் வெடித்தபோது, அவர் எழுந்து நின்று கை தட்டினார்.

உடனே நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது. வெளியே வந்து அதிகாரிக்குப் போன் செய்து, அந்த அம்மாவோடு படம் பார்க்க வந்ததைச் சொன்னேன்.

"தியேட்டர்ல சவுண்ட் நல்லா கேக்குதா சார்?" என்றார் அவர்.

"கேக்குது மேடம். நீங்க மட்டும் இல்லன்னா..."

"அந்தம்மா என்ன சொன்னாங்க? அதச் சொல்லுங்க மொதல்ல."

சொன்னேன். அவர் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

நான்காம் பாகத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. வருத்தமில்லை. அந்தக் க்ளைமாக்ஸில் இன்னமும் எனக்கு உடன்பாடு கிடையாது; அதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். இப்போது எது எழுதினாலும் முதலில் அவருக்குத்தான் அனுப்புகிறேன். பக்கத்துக்குப் பக்கம் சண்டை போடுகிறார்.